மலர் அக்காவின் சிகாகோ

சிகாகோவில் தலைக்கு மேலே மின்ரயில் தடதடத்துப் போகும்போதெல்லாம், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் வளைகுடா நாட்டுக் கராமா வீட்டின் பின்னறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து மலர் அக்காவின் நினைவு வந்துவிடுகிறது. எண்பதுகளில் இதே சிகாகோவின் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிய அவர் கணவர், ரயில் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் தன் குரலையும் கேசட்டில் பதிந்து அனுப்புவார்; வெள்ளிக்கிழமைகளில் ஏசியின் இரைச்சலை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க எல்லோரும் கேட்போம்.

“இஞ்ச ஆத்துத் தண்ணியே உறைஞ்சு போச்சு, மலர்” என்பார்.

ஒரு பனிக்காலத்தில், வேலை முடிந்து வரும் வழியில் தெருவிலேயே விழுந்து அவர் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. மலர் அக்கா அழவில்லை. என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் குளிர் தாங்கமாட்டார், அக்கா. ஆரும் ஒரு போர்வையாவது போர்த்திவிட்டிருப்பினமோ?” என்று மட்டும் கேட்டார்.

“போர்த்தியிருப்பாங்கம்மா” என்றாள் அம்மா.