போப்பாண்டவருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

போன வாரம் பிரஷர் பார்க்க மலாக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே அந்த நர்ஸ் பொண்ணு கேட்டாள்:

"சிஸ்டர், நீங்க போப்பாண்டவரை நேர்லயே பார்த்திருக்கீங்களாமே! உடம்பெல்லாம் சிலிர்த்திருக்குமே?"

"இல்லம்மா. கால்தான் மரத்துப் போச்சு."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். ஜோக் இல்லை. கன்னியாஸ்திரி போப்பாண்டவரைப் பார்த்தாள் என்றால் கேட்கிறவர்களுக்கு ஒரு ஒளி வேண்டும், ரெண்டு சொட்டுக் கண்ணீர் வேண்டும், முடிந்தால் வானத்திலிருந்து ஒரு குரலும் வேண்டும். என்னிடம் இருப்பதோ ஜில்லென்ற பளிங்குத் தரையும், மரத்துப் போன காலும், உள்ளங்கையில் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழமும்தான்.

எலுமிச்சம்பழமா என்று கேட்கிறீர்களா? ஆமாம். சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பூர்வீகம் தெரியும். செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தாள். நான் மலாக்கா கான்வென்ட்டில் படிக்கப் போனவள்... அங்கேயே தங்கிவிட்டேன். அம்மா கடைசி வரைக்கும் வேதத்துக்கு வரவில்லை. அவளுக்குத் தோட்டத்து முனியாண்டி போதும். சபையில் எனக்கு வைத்த பிரெஞ்சுப் பெயர் அவள் வாயில் நுழையவே இல்லை. "பாக்கியம்" என்றுதான் கூப்பிடுவாள், மதர் சுப்பீரியர் முன்னாலேயே.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி. வெளியே போக ஒரே கேட். கேட்டில் துப்பாக்கியோடு காவல். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கையைக்கூட வெளியே கொண்டு போக முடியாது. விடியற்காலையில் குடித்த வெறும் கோப்பிதான், மத்தியானம் வரைக்கும்.

என் அண்ணன் மாணிக்கம் நல்ல உயரம், நல்ல உடம்பு. பசி மட்டும் தாங்கமாட்டான். ஒருநாள் பால்வாளிக்குள் ஒரு பொட்டலம் சோற்றை ஒளித்து எடுத்துப் போனான். கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

"யாருக்குடா இது?"

"எனக்குத்தாங்க. பசிக்கும்."

யார் நம்புவார்கள்? கோர்ட் கிடையாது, கேஸ் கிடையாது. நேரே தடுப்பு முகாம். எப்போது விடுவார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கிராணி ஐயா — தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு — அம்மாவிடம் ஒன்று சொன்னார்: "பெரிய துரை 'இவன் நம்ம ஆளு, நல்லவன்'னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க." அம்மா என்ன செய்தாள்? தீபாவளிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைத் தோட்டத்து மானேஜரான அந்தத் துரை கையில் கொடுத்துக் கும்பிட்டாள். பொங்கலுக்கும் ஒன்று. தோட்டத்தில் அதுதானே வழக்கம்? பெரிய மனுஷனை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. துரை வாங்குவார், பின்னால் நிற்கிற டிரைவரிடம் கொடுப்பார், ஜீப்பில் ஏறுவார். டிரைவர் வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமே இல்லை. அண்ணன்தான் வரவில்லை.

இந்த நிலையில்தான் எனக்கு ரோமுக்கு டிக்கெட் வந்தது.

எங்கள் சபையைத் தொடங்கிய தாய்க்கு அங்கே அருளாளர் பட்டம் கொடுக்கிறார்கள் என்று, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு சிஸ்டரை வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு கலரிலும் ஒன்று, போட்டோவில் நன்றாக இருக்கும் அல்லவா? மலாயாவிலிருந்து போக வேண்டிய மூத்த சிஸ்டருக்குக் கப்பல் என்ற பேச்சை எடுத்தாலே வாந்தி. அப்படித்தான் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பரிசுத்தத்தினால் இல்லை.

சொல்லிக்கொண்டு வரலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள்.

"ஏண்டி பாக்கியம், உங்க மதருக்கு மேல யாரு?"

"பிஷப்பு."

"அவருக்கு மேல?"

"போப்பாண்டவர்."

"அவரு வெள்ளைக்காரர்தானே?"

"ஆமா, ஆனா..."

"அப்ப வெள்ளைக்காரனுக்கெல்லாம் பெரிய தொரை. நம்ம தொரைக்கும் பெரிய தொரை. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, உங்கண்ணனை விடச் சொல்லி."

"அம்மா, அவரு தோட்டத்துத் தொரை இல்லம்மா. அவரு வேற..."

"வேலை வாங்குற தண்டலுக்கு மேல கிராணி, கிராணிக்கு மேல தொரை. உலகம் பூரா அப்படித்தாண்டி. நீ படிச்சவ, உனக்குப் புரியாது."

கொல்லையில் போய் ஒரு பழம் பறித்துவந்து, மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தாள். "கீழ வெச்சிராத."

கேட்டுக்கு வந்தோம். அண்ணனைப் பிடித்த அதே கேட். மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சின்ன வயசு, என் அங்கியைப் பார்த்து மரியாதையாகத்தான் பையைத் திறந்தார். துணியை அவிழ்த்தார். முகம் மாறியது.

"மக்கானான் தா போலே, சிஸ்டர்." சாப்பாட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது.

ஒரு பொட்டலம் சோற்றுக்கு அண்ணன் உள்ளே கிடக்கிறான். எலுமிச்சம்பழத்துக்கு எத்தனை மாசம் போடுவார்களோ? அவர் சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்தார். எதைப் பார்த்தாலும் குத்திப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அம்மா பாய்ந்து நடுவில் நின்றாள். ஓட்டை விழுந்த பழத்தைப் பெரியவர்களுக்குக் கொடுக்கலாமா? தனக்குத் தெரிந்த பாசார் மலாயை, அந்தக் கடைத்தெரு மலாயை, எல்லாம் திரட்டிச் சொன்னாள்:

"இனி ராஜா பாதிரி பூஞ்யா!" இது பாதிரிமாருக்கெல்லாம் ராஜாவுடையது!

அந்தக் கான்ஸ்டபிள் பழத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அம்மா அன்றைக்குப் போட்ட கும்பிடு, முனியாண்டிக்குக்கூடப் போட்டிருக்க மாட்டாள்.

கப்பலில் பழம் காய்ந்தது. சூயஸ் தாண்டும்போது கறுத்து, ரோமில் இறங்கும்போது கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டது. நானோ வழி நெடுக இத்தாலியனில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். "என் அண்ணன் பசிக்குத்தான் சோறு எடுத்துப் போனான், அவனை விடச் சொல்லுங்கள்." அம்மாவுடைய கணக்கு தப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முகாமில் இருப்பது என் அண்ணன். அவனுக்காக யாரிடம் வேண்டுமானாலும் கெஞ்சலாம் என்றுதான் இருந்தது.

பெரிய ஹால். ரெண்டு பக்கமும் வரிசையாக முழங்காலில் நாங்கள். எங்களை மேய்த்த இத்தாலியன் சிஸ்டர் கண்டிப்பானவள். போப்பாண்டவரின் மோதிரத்தை முத்தி செய்யலாம், பேசக் கூடாது, அழக் கூடாது, அங்கியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுக்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள் போல! காத்திருந்தோம்... காத்திருந்தோம்... கால் மரத்துப் போனது அப்போதுதான்.

வந்தார். எனக்கு முதலில் தெரிந்தது சிவப்பு ஷூதான். தலையைத் தூக்கினேன். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கையை விரித்தேன். பழம் இருந்தது. வாக்கியம்? காணோம்! மலாக்காவிலிருந்து சுமந்து வந்த இத்தாலியன் முழுவதும் தொண்டையில் செத்துப் போனது. அவர் பழத்தைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். ஜெபமாலை நீட்டினவர்களுக்கெல்லாம் செய்தது போலவே அதன்மேல் ஒரு சிலுவை வரைந்தார். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். கொட்டாவி விடுகிற நேரம்.

பக்கத்தில் இருந்த பிரேசில் சிஸ்டர் என் கையை எட்டிப் பார்த்து, ஏதோ புனிதப் பண்டம் என்று நினைத்துப் பக்தியோடு கேட்டாள்: "எந்தப் புனிதருடைய எலும்பு?"

அங்கேயே அழுதேன். பக்தி என்று நினைத்து இத்தாலியன் சிஸ்டர் மன்னித்துவிட்டாள். பக்தியாவது, மண்ணாவது! என் மேலேயே எனக்கு ஆத்திரம். இவ்வளவு தூரம் வந்து வாயை மூடிக்கொண்டு நின்றேனே என்று.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஒரு வார்த்தையும் பேசலம்மா. நாக்கு எழும்பல."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எதுக்குடி பேசணும்? தொரைகிட்ட நாங்க என்னிக்கு வாயைத் திறந்து பேசியிருக்கோம்? பழத்தைத் தொட்டுத் திருப்பிக் குடுத்திட்டாருல்ல? கோயில்ல சாமி பாதத்துல வெச்ச பழத்தைத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? உத்தரவு ஆயிருச்சின்னு அர்த்தம். நாளைக்குப் பெரட்டுக்கு என்கூட வா."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. மறுநாள் போனேன். துரை வந்தார். அயர்லாந்துக்காரர், சிவந்த மூஞ்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் போகிற இடம் கிளப்பு. அதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து அந்தக் கறுப்பு உருண்டையை நீட்டினாள். துரை முகத்தைச் சுளித்தார். என்ன கண்றாவி இது என்று கேட்டார். கிராணி ஐயா வேர்க்க விறுவிறுக்க இங்கிலீஷில் சொன்னார்: போப்பாண்டவர் கையால் ஆசீர்வதித்த எலுமிச்சம்பழம்.

துரை அப்படியே நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"நிஜமா, சிஸ்டர்?"

"நிஜம்தான். என் கையில் வைத்திருந்தேன். சிலுவை வரைந்தார்."

துரை தொப்பியைக் கழற்றினார். ஐயோ, அந்த மைதானத்தில் எழுந்த சத்தம்! துரையின் தலை எப்படி இருக்கும் என்று தோட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. நல்ல வழுக்கை. ரெண்டு கையாலும் பழத்தை வாங்கினார். டிரைவர் வழக்கம் போலக் கையை நீட்டினான். கொடுக்கவில்லை.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்."

"நான் சர்ச்சுக்குப் போயே எத்தனையோ வருஷமாச்சு. என்னைப் பார்த்தால் சிரிக்கவும் மாட்டார்" என்றார் துரை. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

அம்மாவுடைய வாழ்நாளில் ஒரு துரை அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை! ரோமில் எனக்கு ஆனது அப்படியே.

அப்போது வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்! இதற்கு மேலும் ஒருத்தி ஊமையாக நின்றால் அண்ணன் அங்கேயே கிழவனாகிவிடுவான்.

"என் அண்ணனை வெளியே விடச் சொல்லுங்கள்" என்றேன், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி. "பசிக்குத்தான் சோறு எடுத்துப் போனான். உங்கள் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குப் பசிக்காதா? அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எத்தனை எலுமிச்சம்பழம் வேண்டும்?"

கடைசி வாக்கியம் மனப்பாடம் செய்ததில்லை. தானாக வந்தது. கிராணி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். துரை பழத்தைச் சட்டைப்பையில் போட்டார், தொப்பியை மாட்டினார், ஜீப்பில் ஏறினார். ஜீப் பெரிய போலீஸ் ஆபீஸ் இருக்கிற மலாக்கா ரோட்டில் திரும்பியது.

சில வாரத்தில் அண்ணன் தோட்டத்து லாரியில் வந்து இறங்கினான்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், யாருக்குப் பேர் என்கிற சண்டை! போப்பாண்டவரின் ஆசீர் என்றார் மதர். சேவல் நேர்ந்த பலன் என்றார் முனியாண்டி கோயில் பூசாரி. அம்மா ரெண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தாள்! தன் இங்கிலீஷ்தான் காரணம் என்றார் கிராணி ஐயா. "தொரை பழத்தைத் திருப்பித் தரலையேம்மா" என்று நான் கிண்டினால், "எடுத்து வெச்சுக்கிட்டாரு, அதுவும் உத்தரவுதான்" என்பாள். கொடுத்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. அம்மாவுடைய மதத்தில் 'முடியாது' என்கிற பதிலே கிடையாது. எங்கள் மதத்தில் அதை விசுவாசம் என்று சொல்லி வருஷக்கணக்காக வகுப்பு எடுக்கிறோம்.

அண்ணனோ பாதியாக இளைத்திருந்தான். அம்மா தட்டு நிறையச் சோறு போட, முழுக் கதையையும் கேட்டபடி குனிந்து தின்றுகொண்டிருந்தான். வழித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"ஏன் பாக்கியம், உங்க போப்பு அந்தச் சிலுவையை என் சோத்துப் பொட்டலத்து மேல போட்டிருந்தா, நான் உள்ளயே போயிருக்க மாட்டேன்ல?"

அம்மா அகப்பையால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள்.

அண்ணன் கேட்டதை நானும் எத்தனையோ பாதிரிமாரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.