விஜயராணி வெட்டிய நூல்

விஜயராணியின் உத்தியோகம் பிறர் தையலில் குறை காண்பது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கணவர் ராஜபாண்டியோடு திருப்பூருக்கு வந்தபோது பிசிறு வெட்டும் வேலைதான் கிடைத்தது. அதாவது, தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது. பிறகு செக்கிங் மேசைக்கு உயர்ந்தார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறோ ஓர் எண்ணெய்க் கறையோ பெட்டிக்குள் போனதில்லை. இதனால் முதலாளிக்கு அவரை மிகவும் பிடிக்கும், டெய்லர்களுக்குச் சற்றும் பிடிக்காது. இரண்டையுமே அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

2007இல் முதலாளி வெள்ளியங்கிரி, பல்லடம் சாலையில் இரண்டாவது யூனிட் தொடங்கினார். அங்கே செக்கிங் பிரிவுக்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும்.

“வியாழக்கெழம நம்மகிட்ட பனியன் வாங்கற ஜெர்மனிக்காரர் நம்ம வேலையப் பாக்க வர்றாருங்க. நீங்க கூடவே நின்னு எல்லாஞ் சொல்லுங்கம்மிணி, இங்கிலீசுல நம்ம பையன் சொல்லிக்குவான். அவருக்குப் புடிச்சுப்போச்சுன்னா அங்க நீங்கதானுங்க இன்சார்ஜு,” என்றார்.

ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து விஜயராணி விரும்பிய நாற்காலி அது. இடைஞ்சலாக இருந்தது ஒரே ஒரு பல். கீழ்க் கடைவாயில், ஈறுக்குள் குறுக்காகப் படுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வீங்கி அடங்கும்.

பல் டாக்டர் கோயமுத்தூரில் படித்த இளம்பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இது சும்மா புடுங்கிப்போடற பல்லு இல்லீங்க. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் எடுத்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கோணும். அப்பறம் நாலஞ்சு நாளு வீக்கம் இருக்கும். வியாழக்கெழம முக்கியமுன்னா இப்போதைக்கு மாத்திரை தர்றேன். அது முடிஞ்சு வாங்களே,” என்றார்.

“அன்னைக்குன்னு பாத்து வீங்கித் தொலைச்சா என்ன செய்ய? இன்னைக்கே எடுத்துருங்க டாக்டர்.”

இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வருமுன் குறையுள்ள உருப்படி எதுவும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். வாய்க்கும் அதுவே பொருந்தும் என்று அவர் நம்பினார். அன்று சனிக்கிழமை. பல் வந்துவிட்டது.

டாக்டர் ஈறில் தையல் போட்டு, பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். “இன்னைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாதுங்க. ஒதடு மரத்திருக்கும், தெரியாமக் கடிச்சுராதீங்க. வலி நாளுக்கு நாள் கொறையோணும். கூடுச்சுன்னா ஒடனே வாங்க. நூலை ஒரு வாரங் கழிச்சு நான் எடுத்துக்கறேன், அந்தப் பக்கம் கையே போகக் கூடாதுங்க.”

விஜயராணி தலையாட்டினார். கடைசி வாக்கியம் தவிர மற்றதையெல்லாம் அப்படியே கடைப்பிடித்தார். மற்றவை நோயாளிக்குச் சொன்னவை. கடைசியாகச் சொன்னதோ ஒரு செக்கிங்காரரிடம் சொல்லக் கூடாதது.

ஞாயிறு மாலை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தார். பக்கத்தில் ராஜபாண்டி டார்ச் பிடித்தார். அவர் இன்னொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பிறர் விட்ட சுருக்கத்தை எடுப்பதோடு சரி, யாரையும் குறை சொல்லாத தொழில்.

“இது என்ன தையலுங்கறேன்? ரெண்டு பக்கமும் வாலு தொங்குது. நம்ம டெய்லர் இப்படி அனுப்புனா மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பேன்.”

“படிச்சவுக, ஏதாச்சும் காரணமாத்தான் விட்டிருப்பாக.”

“படிச்சா பிசிறு விடலாமாக்கும்?”

“ஏத்தா, ஒன் வாயி என்ன ஜெர்மனிக்கா போகப்போகுது? சும்மா விடு.”

விடவில்லை. கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுத்தார்; சுத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாலை முடிச்சோடு ஒட்ட நறுக்கியதும் முடிச்சு அவிழ்ந்து கையோடு வந்தது. கீழே குழியில் கருஞ்சிவப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கறை என்றால் உடனே எடுக்க வேண்டும், ஊறினால் போகாது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் அதையும் வழித்தெடுத்தார். குழி பளிச்சென்று ஆனது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை தாடையில் பிடித்த வலி காதுவரை ஏறியது. வாய் நாறியது. அன்றே டாக்டரிடம் போயிருந்தால் வியாழனுக்குள் ஓரளவு தணிந்திருக்கும். போனால் நூலைப் பற்றிக் கேட்பார்களே! ஊரார் தவறையெல்லாம் உரக்கச் சொல்லிப் பழகியவருக்குத் தன் தவறைச் சொல்ல வாய் வரவில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார்.

வியாழக்கிழமை துண்டால் கன்னத்தைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். கண்ணில் நீர் நிற்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டுப் பதறினார்.

“ஏனுங்கம்மிணி இப்படி? மொதல்ல ஊட்டுக்குப் போய்ப் படுங்க. நாங்க பாத்துக்கறோமுங்க.”

கொங்கு மரியாதையில் கோபத்துக்கு இடமில்லை; அதனால் வாதாடவும் இடமில்லை. ஜெர்மனிக்காரரோடு அடுத்த மேசை சித்ராதேவி நடந்தார். பத்தில் இரண்டு பிசிறைக் கண்டும் காணாமல் விடுகிறவர், சிரித்த முகம். வந்தவருக்குத் திருப்தி.

அன்று மாலைதான் விஜயராணி ராஜபாண்டியோடு டாக்டரிடம் போனார்.

“நூலை எங்கீங்க காணோம்?”

“அதுவாவே அவுந்துருச்சு.”

டாக்டர் மறுபடியும் குழியைப் பார்த்தார். ராஜபாண்டி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். பிறகு விஜயராணியே நடந்ததைச் சொன்னார்.

“வால் விட்டாத்தானுங்க முடிச்சு நழுவாம நிக்கும், எடுக்கறப்பப் புடிக்கவும் ஆகும்,” என்றார் டாக்டர். “நீங்க எடுத்தது கறையுமில்லீங்க, ரத்தக்கட்டி. எலும்புக்கு அதுதான் மூடி. அது போய், உள்ள எலும்பு வெறுமனே கெடக்குது. அதுதான் இந்த வலி.”

குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தார். வலி இறங்கியது. ஆனால் சித்ராதேவிக்கு நாற்காலி கொடுத்தாகிவிட்டது.

அடுத்த ஆண்டின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. இரண்டாவது யூனிட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். சித்ராதேவி பழைய மேசைக்கே திரும்பி, விஜயராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இனி மனைவிக்கு வருத்தமிருக்காது என்று ராஜபாண்டி கணக்குப் போட்டார். “பாத்தியா, நீ போயிருந்தாலும் இதே கதிதான்.”

“போயிட்டுத் திரும்பி வந்திருப்பேன்ல,” என்றார் விஜயராணி.