குறிகட்டுவானில் நின்ற இரண்டு படகுகள்

பிள்ளைகளே, போன விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் தீவுப் பக்கம் போய் வந்தோமே, சின்னவனுக்கு அது நினைவிருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

காலையில் ஊர்காவற்றுறைக்குப் போனோம். சின்னத் துறைமுகப் பட்டினம். கொஞ்சக் கடைகள், தேவாலயம், மீன் வள்ளங்கள். கடலுக்குள் தனியே நிற்கும் கோட்டையை மூத்தவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் காரைநகருக்கு ஏற்றிப் போகும் மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். அதில் ஏறவேண்டுமென்று சின்னவன் அழுதான். ஆனால் நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுவதாகத்தான் கூட்டி வந்தேன். சரவணை, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போனோம்.

அந்த இறங்குதுறையில் இடம் காணாது. படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டுவார்கள். ஒன்றுக்குள் ஏறிக் கடந்துதான் மற்றதற்குப் போகவேண்டும். அன்று கரையோடு நின்றது நயினாதீவுப் படகு. அதற்கு அப்பால் எங்கள் நெடுந்தீவுப் படகு. பெண்களும் பிள்ளைகளும் கீழே இருந்தார்கள், ஆண்கள் மேல்தட்டில். மூத்தவள் தாயோடு கீழே என்று நான் நினைத்தேன். என்னோடு மேலே என்று அம்மா நினைத்தார்.

வெளியே நின்ற எங்கள் படகுதான் முதலில் புறப்பட்டது. கரை தூரமான பிறகு அம்மா தலையை நீட்டினார்.

"பிள்ளையை ஏன் வெயிலுக்கை வைச்சிருக்கிறியள்?"

"எந்தப் பிள்ளை?"

படகோட்டியிடம் ஓடினேன். அவர் வேகத்தைக் குறைத்து, நாங்கள் கடந்து வந்த நயினாதீவுப் படகுக்குப் போன் எடுத்தார். பக்கத்தில் இருந்த நெடுந்தீவுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நாங்கள் அரிசி மூட்டையையே எண்ணித்தான் ஏத்துறனாங்கள். நீர் பிள்ளையை எண்ணேல்லையோ?"

"இருக்கிறாவாம்," என்றார் படகோட்டி. "ஒரு அக்காவோடை இருந்து கச்சான்கடலை சாப்பிடுறாவாம். அந்தப் படகுக்காரனும் வெளிக்கிட்டிட்டான். நயினாதீவிலை ஏத்துவம். பயப்பிடாதையும்."

பயப்படாமல் இருக்க ஏலுமா? அந்தக் கடலில் நான் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

நயினாதீவு இறங்குதுறையில் மூத்தவள் கோயிலுக்கு வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு துறையை அணைந்ததும் அவளைத் தூக்கி எடுத்தேன்.

"அப்பா, நீங்கள் ஏன் பிழையான போட்டிலை ஏறினனீங்கள்?"

அந்தப் பெண் சிரித்தார். "அழவே இல்லை, அண்ணை. அம்மாவும் அப்பாவும் துலைஞ்சு போச்சினம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ."

அம்மா பத்து வயதுப் பெண்ணை மடியில் இருத்திக்கொண்டார். மேல்தட்டில் இடம் இருந்தும் நெடுந்தீவு வரும்வரை நான் கீழேயே பெண்களுக்கு நடுவில் இருந்தேன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

நெடுந்தீவு வெளியில் குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி மேய்ந்தன. மூத்தவள் கிட்டப் போகத் துடித்தாள்.

"விடுங்கோவன் அப்பா, கை நோகுது."

அப்போதுதான் விட்டேன்.