மக்காச்சோளத்துக்கு எவ்வளவு யூரியா?

உரக்கடைக்கு யாரும் அளவு கேட்டு வருவதில்லை. வீட்டிலேயே முடிவு செய்த அளவுக்குத் தலையாட்ட ஓர் ஆள் தேடித்தான் வருகிறார்கள். பாபநாசம் பக்கத்தில் கடை போட்ட நாளிலிருந்து நானும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கடையிலாவது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் கழுத்துவலி புரியும்.

துபாயிலிருந்து வந்த அளவு

ஆரோக்கியமேரி கடைக்கு வந்தால் கையில் செல்போன் இருக்கும், அதற்குள் புருஷன் அந்தோணி இருப்பார். அவருக்குத் துபாயில் வேலை. நெல்லை மட்டும் நம்பி ஊர் திரும்பப் பயம். சம்பா அறுத்த வயலில் கோடைக்கு மக்காச்சோளம் போட்டுப் பார்ப்பது, அது கைகொடுத்தால் வேலையை விட்டு வந்துவிடுவது, இல்லாவிட்டால் அங்கேயே தொடர்வது என்று இருவருக்கும் பேச்சு. அவர் வந்துவிட வேண்டுமென்று மாதாவிடம் மேரி வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்.

துபாயில் அவர் அறையில் ஒரு பெரம்பலூர்க்காரர். அந்த ஆள் தன் ஊரில் போடும் யூரியா அளவை அந்தோணி போனில் ஒப்பித்தார். "அது மழைய நம்புற கரிசல் தம்பி. உங்களுது போர்த்தண்ணி பாயுற வண்டல். பயிர் பெருசா வரும், தீனியும் கூடக் கேக்கும்" என்றேன். அந்தோணி சிரித்தார். "யூரியா விக்கிறவரு நீங்க. கூடப் போடச் சொல்லாம வேற என்னண்ணே சொல்வீங்க?"

நெல்லுக்குப் பழகிய கை

முளைத்துக் கொஞ்ச நாளில் மேரி பதறிக்கொண்டு வந்தார். பயிர் முழுக்க மஞ்சளாகிவிட்டது, உடனே யூரியா வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. வயலில் தண்ணீர் மினுங்காவிட்டால் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தூக்கம் வராது. நெல் அதில் சுகமாக நிற்கும். சோளத்துக்கு வேர் மூச்சுமுட்டும். அந்த நிலையில் எத்தனை மூட்டை கொட்டினாலும் வீண்.

மூட்டை தர முடியாது, முதலில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றேன். மேரி மண்வெட்டியை எடுத்தார். வெட்டிக்கொண்டே கேட்டார்: "நீங்க கடை நடத்துறீங்களா, கடைய மூடப் பாக்குறீங்களா?"

பாதி வயல் பச்சை

தண்ணீர் வடிந்து பயிர் தேறிவிட்டது. முழங்கால் உயரம் வந்தபோது புதுத் தலைவலி. மேற்குப் பாதி கரும்பச்சை, கிழக்குப் பாதி வெளிறல். வீடியோ காலில் அதைப் பார்த்த அந்தோணி, ஒரு பக்கம் மட்டும் உரம் போட்டாயா என்று குதித்தார். வெயிலில் நின்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்ட மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. பஞ்சாயத்துக்கு என்னை வயலுக்குக் கூப்பிட்டார்கள்.

விதைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். அப்போதுதான் மேரிக்கு நினைவு வந்தது. அறுப்பு முடிந்ததும் எருவுக்காக வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். மேற்குப் பாதியில் கட்டிய மந்தையைக் கிழக்கே மாற்றுவதற்குள் பக்கத்து வயல்காரர் தன் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேற்கே புழுக்கையே ஏற்கெனவே உரமாகிவிட்டது. இனிக் கிழக்குக்கு மட்டும் யூரியா கொடுத்தால் போதும் என்றேன். வீடியோ காலில் இருந்த அந்தோணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "மந்தைய ஓட்டிட்டுப் போறப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்றார். மேரி சொன்னார்: "உங்ககூடத்தான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன்."

நேரில் வந்தவர்

இரண்டு பாதியிலும் கதிர் முட்டமுட்டப் பிடித்தது. கோழித்தீவன வியாபாரி லாரியோடு வயலுக்கே வந்து வாங்கிப்போனார். அந்தோணி வேலையை விட்டு ஊர் வந்து சேர்ந்தார். சொந்தத் தம்பி வந்ததுபோல் எனக்குச் சந்தோஷம்.

ஆடிப்பட்டத்தில் மறுபடி மக்காச்சோளம் விதைத்துவிட்டு மேரியோடு கடைக்கு வந்தார். "கோடையில போட்ட அளவே குடுங்கண்ணே." அது நாம் பாய்ச்சிய தண்ணீர், இந்தப் பட்டத்தில் மழை பிடித்தால் போட்டது கரைந்து ஓடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும், இந்தத் தடவை கிடையும் கட்டவில்லை என்று ஆரம்பித்தேன். "அதே வயலுதானேண்ணே" என்றார். வயல் அதேதான், பட்டம் வேறு என்றேன். தலையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குத் துபாய் வெயிலே தேவல."

மேரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூட்டையத் தூக்குங்க. இனிமே அங்க போறதுன்னா என்னைக் கேட்டுட்டுத்தான் போவணும்."

அந்தோணி அதன்பிறகு விமானம் ஏறவில்லை. பட்டத்துக்குப் பட்டம் "போன தடவ அளவே குடுங்க" என்று என் கடைப்படி ஏறுவதை மட்டும் விடவில்லை.