காதைப் பிடித்தால் மலைக்கு வரலாம்

பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனால், அந்தக் காலத்தில் பெரிய வாத்தியார் பிறப்புப் பத்திரத்தை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் பள்ளி வயது வந்துவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார். நான் இதே சோதனையை மலை ஏறுவதற்கு வைத்தேன். மலை என்பதால் கொஞ்சம் கடுமையாக்கி, காதைத் தொட்டால் போதாது, மடலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றேன். காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் அது சட்டமாகவே இருந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மலை என்றால் குனோங் லேடாங். வெள்ளைக்காரர் கொண்டுவந்த அவசரகாலம் முடியும்வரை அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம். சுதந்திரம் வந்து, பிறகு அவசரகாலமும் நீங்கியதும், மருத்துவமனையில் என்னோடு, நோயாளிகளை விசாரித்து மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து சும்மா இருக்காமல் அருவியையும் பாறையையும் பற்றிக் கதை அளந்தேன். என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. இருவரும் சோற்றைப் பிசைந்தபடி வாயைத் திறந்து கேட்பார்கள்.

மகன் முதல் நாளே காதைப் பிடித்துவிட்டான். மகளுக்கு விரல் நுனி காதின் மேல்விளிம்போடு நின்றுவிட்டது. கை நீளுமென்று அவள் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். ஒரு மாதம் கழித்து ஒரு மாலை என் முன்னால் வந்து நின்று, காதைப் பிடித்துக் காட்டினாள். கழுத்து நன்றாகவே சாய்ந்திருந்தது.

"கழுத்தச் சாய்ச்சா யாருக்குத்தான் எட்டாது? நீங்க பாத்தீங்கதானே?" என்று என் மனைவி அப்புறம் கேட்டாள்.

"பாத்தேன். ரொம்ப ஆசப்படுறா, விடு."

"காலு தாங்குமான்னு பாருங்க. காதப் பாத்து என்ன செய்ய?"

அவள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. போதாததற்கு மகளிடம் ஒரு நிபந்தனையும் போட்டேன். "பாதி வழில வலிக்குது, முடியலன்னு முனகுனா அதோட சரி. அப்புறம் மலப் பேச்சே எடுக்கக் கூடாது." அவள் பயபக்தியோடு தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு நண்பர்கள் இருவரும் பிள்ளைகளுமாகக் கிளம்பினோம். தங்காக் வரை ஒரு பஸ், அங்கிருந்து சாகிலுக்கு இன்னொன்று. வழிகாட்டச் சாகில் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் வருவார், எல்லாருக்கும் அவர் பாக்சிக்தான், மலாயில் மாமா என்கிற மாதிரி. உச்சிவரை போகும் எண்ணமில்லை. அருவிக்கு மேலே சற்றுத் தூரத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு, அதுவரைதான். மகளுக்கு அண்ணனின் பழைய கான்வாஸ் சப்பாத்து. பெரிதாக இருந்ததால் முனையில் காகிதம் அடைத்துக் கட்டிவிட்டேன். ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வந்தன. அரை மணி நேரத்தில் மகன் நின்றுவிட்டான்.

"அப்பா, போதும். என்னால இதுக்கு மேல முடியாது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஒன்னவிடச் சின்னவ, எப்படி ஏறுறா பாரு. வெக்கமா இல்ல?" நண்பர்கள் எதிரில் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. ஒரு நண்பர் அவனோடு தங்கிக்கொள்ள, நாங்கள் மேலே போனோம்.

மகள் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள். பேசியே என் காதைத் தின்கிறவள் அவ்வளவு நேரம் வாய் திறக்காததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. தட்டைப் பாறையில் உட்கார்ந்து, அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை ரத்தத்தில் ஊறிக் குதிகாலோடு ஒட்டியிருந்தது. அட்டைக் கடி இல்லை. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது.

பாக்சிக் அவளருகே குந்தி, "சாக்கிட்?" என்றார். வலிக்கிறதா என்று கேட்கிறார். மகள் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

எங்கே வலிக்கிறது என்று நாளெல்லாம் ஊராரைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் பிள்ளை என்னைப் பார்த்து வலியை மறைக்கிறாள். சுனைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தேன்.

"எப்பலேர்ந்தும்மா?"

"ஆத்துக்கிட்டேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் கூட்டிட்டு வர மாட்டீங்க. நான் கழுத்தச் சாய்ச்சுத்தான் தொட்டேன். அதையும் சொல்லல."

அது எனக்கு அன்றே தெரியும். அழுதேன். மறைக்கவும் முடியவில்லை. அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினேன். கீழே மகன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். "நீ நின்னதுதான் சரி, அப்பா பேசுனது தப்பு" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைச் சரிசெய்ய எனக்குப் பல நாள் பிடித்தது.

புண் ஆறியதும் அவளுக்கு அளவான சப்பாத்து வாங்கினேன். ஞாயிறுதோறும் இருவரையும் புக்கிட் சீனாவுக்குக் கூட்டிப்போனேன். ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னக் குன்று, சரிவெல்லாம் சீனர் கல்லறைகள். காதுச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டேன்: யார் போதும் என்றாலும் எல்லாரும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மகன் வேண்டுமென்றே இரண்டு தடவை பாதியில் போதும் என்றான். இரண்டு தடவையும் திரும்பினோம். மூன்றாவது தடவை அவனே உச்சிக்கு முதலில் ஓடினான்.

மகள்தான் போதும் என்று சொல்லவே மாட்டேன் என்றாள். "வலிக்குதா?" என்றால், "இல்லப்பா." "களைப்பா இருக்கா?" "இல்லப்பா." வேர்த்து ஒழுகும், மூச்சு இரைக்கும், அப்போதும் இல்லப்பாதான். வீட்டுக்கு வந்து அவள் கால்களை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்ப்பேன். என் ஒரு மிரட்டல் அந்தக் குழந்தைக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இவளை இனி லேடாங் பக்கம் கூட்டிப்போவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம், பிள்ளைகள் இருவரும் நச்சரித்ததால் மறுபடி லேடாங் போக ஒப்புக்கொண்டேன். அதே பாக்சிக், அதே நண்பர்கள். தட்டைப் பாறை மரங்களுக்கிடையே தெரிகிற இடம்வரை நன்றாகத்தான் வந்தாள். அங்கே ஒரு வேரின்மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா, முடியல. தொடையெல்லாம் வலிக்குது. திரும்பிடலாம்."

"இன்னும் பத்து நிமிஷம்தான் லா, பாறை அந்தா தெரியுது" என்றார் ஒரு நண்பர்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பினேன். மகன் முணுமுணுக்காமல் முன்னால் இறங்கினான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே வலிக்கிறது, அங்கே வலிக்கிறது என்று அடிவாரம்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.