யார் முதலில் அடித்தது

கார்லா ஹூடாக் கடைசியாக அம்மாவோடு சேர்ந்து செய்த வேலை, ஒரு சட்டைப் பையைத் தைத்தது. பள்ளி இடைவேளையில் பிள்ளைகளுக்குக் காவல் நிற்பவர்கள் குளிர்கோட்டுக்கு மேல் போடும் கையில்லாத ஆரஞ்சு சட்டை அது. வெள்ளிக்கிழமை நடந்த ஒரு சண்டையில் அதன் பை கிழிந்துவிட்டது. ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் கார்லா துணியை இழுத்துப் பிடித்தாள். அம்மா டோலோரஸ் தூண்டில் நரம்பை ஊசியில் கோத்துத் தைத்தாள். சாதாரண நூல் அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

"ஒழுங்காப் பிடிடி. ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் சோதிக்கறா, ஒரு துணியப் பிடிக்கத் தெரியல."

"லிஃப்ட் ஆடாதும்மா. நீதான் ஆடற."

"உனக்குத் தலைக்கு ஹெல்மெட் குடுத்திருக்காங்க. எனக்கு ஒரு விசில். அதுல ஆடாம என்ன பண்றது?"

அம்மா நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அது ஞாயிறு. புதன்கிழமை விழுந்தாள். வெள்ளிக்கிழமை காலை செத்துப்போனாள்.

டோலோரஸ் கசாப்புக் கடைக்கு மேலிருந்த வீட்டில், நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். அடித்துப் பிடுங்கினால்தான் ரொட்டி கிடைக்கும் வீடு அது. கல்யாணமான பிறகு கணவர் எட் ஒரே ஒரு முறை அவளைக் கன்னத்தில் அறைந்தார். அவள் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியாலேயே திருப்பி அடித்தாள். அவருடைய காறை எலும்பு முறிந்தது. அவளேதான் அவரைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "எப்படி நடந்தது" என்று கேட்ட காகிதத்தில் எட் "மாடிப்படி" என்று எழுதப் போனபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ அறைஞ்ச, நான் அடிச்சேன். ரெண்டையும் எழுது." ஆறு வயது கார்லா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். எட் அதன் பிறகு கை நீட்டவேயில்லை. பத்து வருடம் கழித்து மாரடைப்பில் போனார்.

ரயில் பாதைக்கு அருகில் இருந்த டில்டன் தொடக்கப்பள்ளியில் டோலோரஸ் இருபத்தாறு வருடம் காவல் நின்றாள். இடது சுண்டுவிரல் கோணலாகவே ஒட்டியிருந்தது. முன்கையில் யாரோ ஒரு முதல் வகுப்புப் பிள்ளையின் பல்வரிசை பதிந்திருந்தது. கல் வைத்து உருட்டிய பனியுருண்டை ஒன்று புருவத்தைப் பிளந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. சண்டை நடந்தால் மஞ்சள் சீட்டு எழுத வேண்டும். அதில் முதல் கேள்வியே "யார் முதலில் அடித்தது".

"அவன் என்னை அடிக்க வந்தான் மிசஸ் ஹூடாக்!"

"வந்தானா, பட்டுச்சா?"

"கைய ஓங்கினான்..."

"ஓங்கினது கணக்கில்ல. பட்டதுதான் கணக்கு. அப்போ முதல்ல நீ."

எந்தப் பிள்ளை அழுதாலும் இந்தச் சட்டம் மாறாது.

அந்தப் புறநகரில் ஐந்து தொடக்கப்பள்ளிகள். வருடா வருடம் மாவட்டம் ஒரு அட்டவணை போடும். வாசிப்பு, கணக்கு, ஆசிரியர்களின் அனுபவம், வகுப்பில் எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். வீடு விற்கும் தரகர்களுக்கு அது மனப்பாடம். எந்தத் தெருவில் வீடு வாங்குவது என்று அதைப் பார்த்துத்தான் ஆட்கள் முடிவு செய்வார்கள். இரண்டு வருடம் முன்னால் "சண்டைகள்" என்று இன்னொரு பத்தி சேர்த்தார்கள். இந்த வருடம் அதில் டில்டனுக்கு அறுபத்து நான்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்த பிரையர் ஹில்லுக்கு இரண்டு. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஒரு பள்ளியை மூட வேண்டும், பள்ளி வாரியம் ஓட்டெடுத்து முடிவு செய்யும் என்று பேச்சு வந்தது. எதை என்று யாரும் கேட்கவேயில்லை.

டில்டனின் தலைமையாசிரியர் ஆஸ்குட் டோலோரஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டோலி, ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் அந்தப் பேனாவ வீட்ல வெச்சுட்டு வாயேன்."

"வெச்சுட்டு வந்தா அடிச்சுக்க மாட்டாங்களா?"

"அடிச்சுப்பாங்க. எண்ணிக்கை ஏறாது."

அன்று வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்த தட்டை அவள் பாத்திரத் தொட்டியில் ஓங்கிப் போட்டாள். சில்லு பறந்து கார்லாவின் காலடியில் விழுந்தது.

"எழுதாத விபத்துதான் அடுத்த விபத்துன்னு நீதானடி சொன்ன? உன் பேச்சக் கேட்டு ஒண்ணு விடாம எழுதினேன். என் கையாலயே என் ஸ்கூலுக்குப் பாடை கட்டிட்டேன்."

கார்லா குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். சொன்னது அவள்தான். அவளுடைய தொழிலில் அது பாலபாடம்.

அடுத்த வாரம் பிரையர் ஹில்லில் காவல் நிற்பவள் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு டோலோரஸை அங்கே அனுப்பினார்கள். முதல் நாளே, உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவரோரம் மூன்று பேர் ஒரு பையனைக் கீழே தள்ளியிருந்தார்கள். ஒருவன் மார்மேல் உட்கார்ந்து, ஊஞ்சலடியில் கொட்டியிருந்த மரச்சில்லுகளை அள்ளி அவன் வாயில் திணித்துக்கொண்டிருந்தான். சத்தமேயில்லை. நான்காவது ஒருத்தி மூலையில் காவல் நின்றாள். டோலோரஸ் மார்மேல் இருந்தவனைக் கோட்டுக் காலரோடு தூக்கி நிறுத்தினாள். கீழே கிடந்தவன் ரத்தமும் மரமுமாகத் துப்பினான்.

அலுவலகத்தில் மஞ்சள் சீட்டு கேட்டாள்.

"இங்க அதுக்கு முரட்டு விளையாட்டுன்னு பேரு" என்றாள் அங்கிருந்தவள். "அதுக்குச் சீட்டு கிடையாது."

"அப்படியா? வாயில மரத்தோட கெடந்தவனும் அதத்தான் சொன்னானா?"

மறுநாள் டில்டனிலிருந்தே ஒரு கட்டுச் சீட்டை எடுத்துப் போனாள். அடுத்த செவ்வாய் இரவுக்குள் பதினெட்டு சேர்ந்தது. பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தாள். வியாழக்கிழமை வாரியக் கூட்டத்தில் எழுந்து படிப்பதாகத் திட்டம். "ஒரே பேனா, ரெண்டு ஸ்கூல். இப்போ எண்ணிப் பாக்கட்டும்" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பத்தொன்பதாவது சீட்டு புதன் மதியம். டெஸ் என்ற ஏழு வயதுப் பெண்ணின் முடியைப் பெரிய பெண் ஒருத்தி பற்றி, ஊஞ்சல் கம்பத்தில் முகத்தை இரண்டு தடவை மோதினாள். முன்பல் ஒன்று தெறித்தது. டெஸ் அழுதது வலிக்காக அல்ல, பல்லுக்காக. தலையணைக்கடியில் வைக்கப் பல் இல்லாவிட்டால், அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துப்போகும் பல் தேவதை எப்படி வரும்? டோலோரஸ் சீட்டு எழுதினாள். அதன் பின்பக்கம் தனக்காக ஒரு வரி குறித்துக்கொண்டாள்: "பல் தேடணும். அவ கார் ஏறறதுக்குள்ள குடுக்கணும்."

மூன்றரை மணிக்கு, கார்கள் வரிசையில் நின்றபோது, பெரிய பெண்ணின் அப்பா கார்மோடி இறங்கி நேராக டோலோரஸிடம் வந்தான். அந்தச் சீட்டு வேண்டுமாம்.

அதன் பிறகு நடந்ததைக் கார்லா போலீஸ் நிலையத்தில் பள்ளி வாசல் கேமராவின் படத்தில் பார்த்தாள். பதினோரு நொடி. ஒலி இல்லை. திரும்பத் திரும்ப நிறுத்தி, அறுந்த கம்பிவடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கார்மோடி அம்மாவின் சட்டைப் பையை நோக்கிக் கையை நீட்டுகிறான். பைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது. அம்மா கார்களை நிறுத்தக் கையில் வைத்திருந்த 'நில்' பலகையைச் சுழற்றி அவன் காதில் அடிக்கிறாள். காது கிழிகிறது. அவன் இரண்டு கையாலும் அவள் நெஞ்சில் தள்ளுகிறான். நடைபாதை விளிம்பில் உறைந்த பனி. அவள் தலை அதில் ஒரு முறை மோதி எழும்பி மறுபடி மோதுகிறது. விசில் மட்டும் பக்கத்தில் உருண்டு போகிறது.

"அவன்தானே வம்புக்கு வந்தான்" என்றார் போலீஸ்காரர், ஆறுதலாக.

"வந்தான்" என்றாள் கார்லா. "படல."

கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அடக்கம் முடிந்த மறுநாள் கார்லா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையிலிருந்து எடுத்த பத்தொன்பதாவதையும் மேலே வைத்தாள். வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து இருபதாவதைத் தானே எழுதினாள்.

கூட்டத்தன்று வாசலிலேயே ஆஸ்குட் அதைப் படித்துவிட்டார்.

"இது வேண்டாம் கார்லா. பத்தொன்பது போதும். உங்கம்மா பேரு..."

"நடந்தது இருபது."

அவள் படித்தாள். மரச்சில்லு. மிதிபட்ட விரல். கழுத்தில் இறுக்கிய ஸ்கார்ஃப். பிரையர் ஹில் பெற்றோர் ஒருவர் "பொய்!" என்று கத்தினார். டில்டன் தகப்பன் ஒருவர் எழுந்து அவர் மூக்கிலேயே குத்தினார். மடக்கு நாற்காலிகள் சரிந்தன. யாரோ யார்மேலோ விழுந்தார்கள். கார்லா குரலை உயர்த்தவில்லை, நிறுத்தவுமில்லை. இருபதாவது வந்தபோது கூடம் அடங்கியிருந்தது, மூக்கைப் பிடித்தவரின் மூச்சு மட்டும் கேட்டது.

"இடம், பிரையர் ஹில் வாசல். யார் முதலில் அடித்தது: டோலோரஸ் ஹூடாக். இறந்தது: டோலோரஸ் ஹூடாக். எழுதியது அவள் மகள்."

"அடிப்பாவி, பெத்தவளையேவா!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். கார்லா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாரியத் தலைவி வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினாள். கடைசியில், தன் ஆள்மீதே சீட்டு எழுதுகிறவள் கொண்டுவந்த மற்றப் பத்தொன்பதைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். பள்ளிக்குப் பள்ளி ஒரே மாதிரி எழுதாத சண்டைப் பத்தியை அட்டவணையிலிருந்து எடுத்தார்கள். அது இல்லாமல் பார்த்தால் டில்டன் ஐந்தில் மூன்றாவது. மூடும் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது.

மறுநாள் காலை கார்லா ஆரஞ்சு சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையின் அடியில் ஏதோ விரலில் தட்டியது. பல் விழுந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நர்ஸ் கொடுக்கும், பல் வடிவச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. திறந்தாள். உள்ளே ஓரத்தில் ஒரு மரத்துணுக்கு ஒட்டிய பால்பல். அம்மா அதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். தூண்டில் நரம்புத் தையல் ஒன்றுகூட விடவில்லை. டப்பாவின் மூடிமேல் பேனாவால் எழுதியிருந்தது: "டெஸ். புதன், 3.30."