கீழ்வீட்டுப் பற்றரி

எங்கள் கட்டடத்தில் சட்டை தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றரி திருடுபவர் என்று நான் முடிவுகட்டி, அதை நல்ல தமிழில் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் தமிழில் இன்றைக்கும் எனக்குக் குறையில்லை. உண்மைதான் அதில் கொஞ்சம் குறைவு.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏழு வீடுகள் கொண்ட மாடிக்கட்டடம் அது. கூட்டத்துக்குப் பிந்திப் போன குற்றத்துக்காக என்னைக் கமிட்டிச் செயலாளராக்கியிருந்தார்கள். அந்த வருடம் குளியலறைக் குழாய்கள் மாடிக்கு மாடி கசிந்தன. கீழே இருப்பவரின் சீலிங்கில் பூஞ்சை பிடித்த பிறகுதான் மேலே குழாய் உடைந்த சங்கதி தெரியவரும். ஆகவே தீப்பெட்டி அளவில் ஏழு சென்சர் வாங்கி, வீட்டுக்கு ஒன்றாகக் குழாயடியில் ஒட்டினேன். ஈரம் பட்டால் வாசலில் காவலுக்கு இருக்கும் வோச்சரின் அறையிலுள்ள பெட்டிக்குக் கம்பியில்லாமல் செய்தி போகும். அங்கிருந்து என் போனுக்கு வரும்.

எங்கள் கொங்கிறீற்றைத் தாண்டி நாலாம் மாடியின் குரல் வாசலுக்கு எட்டாது. மேலே இருக்கிற சென்சர் தனக்குக் கீழே இருப்பதிடம் சொல்லும். அது இன்னும் கீழே சொல்லும். கடைசியில் எல்லாம் கீழ்வீட்டுச் சென்சரின் வழியாகத்தான் வாசலுக்குப் போகும். விற்றவர் இதை விளக்கியபோது நான் தலையாட்டினேன். தலையாட்டுவதும் விளங்குவதும் எனக்கு எப்போதும் தனித்தனித் திணைக்களங்கள்.

பற்றரி ஒரு வருடம் நிற்கும் என்றார்கள். கீழ்வீட்டில் மூன்று கிழமைதான் நின்றது. மாற்றினேன், அதுவும் அப்படியே. அது செத்தால் மற்ற ஆறும் ஊமையாகிவிடும், ஆனால் திறந்து பார்த்தால் அவற்றின் பற்றரிகள் இன்று வாங்கியவை போல இருந்தன.

கீழ்வீட்டில் இருந்தவர்தான் அந்தத் தையல்காரப் பெண், மலையகத்தில் ஹற்றன் பக்கத்தவர், தனியாக இருப்பவர். ஏழில் அது ஒன்றுதான் வாடகை வீடு, வீட்டுச் சொந்தக்காரர் ரொறன்ரோவில். சந்தேகம் ஏன் நேராக அந்தக் கதவுக்குப் போனது என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. அவர் கொழும்புக்கு வந்து இருபது வருடம். நாங்கள் வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். ஆனாலும் அவர் ‘மலைநாட்டாள்’. நாங்கள் ஏதோ அந்த ஒழுங்கையிலேயே முளைத்தவர்கள்.

போய்க் கேட்டேன். “இதை நீங்கள் திறந்தனீங்களோ?”

“நான் ஏன் சார் அதத் தொடப்போறேன்? கூட்டுறப்பகூட அதுக்குப் பயந்து தள்ளித்தான் கூட்டுறேன்.”

அவருக்குப் பின்னால் சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே அளவுப் பற்றரிதான். எனக்கு அந்தச் சாட்சியம் போதுமாக இருந்தது. தங்கள் வாடகையாளர் கட்டடத்தின் பாதுகாப்புக் கருவியைக் குழப்புகிறார், ஆவன செய்க என்று சொந்தக்காரருக்கு எழுதினேன். ஆவன என்றால் வீட்டைவிட்டு எழுப்புவது என்று கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற பொறியியலாளரான தலைவர், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு அனுப்புவோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை சென்சர் மூன்றாம் முறையாகச் செத்தது. போனால் கதவில் பூட்டு. தங்கச்சி பிள்ளையின் காதுகுத்துக்கு அவர் போன கிழமையே ஹற்றனுக்குப் போய்விட்டதாக வோச்சர் சொன்னார்.

பூட்டிய வீட்டில் யார் திருடுவது? படியில் உட்கார்ந்து, கருவியோடு வந்த புத்தகத்தை முதன்முறையாகத் திறந்தேன். ஏழு சென்சரையும் நிமிடத்துக்கு ஒருதரம் ‘இங்கே ஈரமில்லை’ என்று சொல்லும்படி வைத்தவன் நானேதான். கவனமாக இருப்பதாக நினைப்பு. ஆறு வீடுகளின் ஈரமின்மையையும் நிமிடந்தோறும் சுமந்து, மிச்ச நேரத்தில் அடுத்த அழைப்புக்குக் காதைத் திறந்து வைத்திருந்த அந்தத் தீப்பெட்டி மூன்று கிழமை தாக்குப்பிடித்ததே பெரிது. வாசலுக்குக் கிட்ட இருப்பது முதலில் சாகும் என்று புத்தகத்தில் தனியாக ஒரு வரியே இருந்தது.

போனிலேயே திருத்தினேன். ஈரமென்றால் உடனே சொல். இல்லாவிட்டால் உயிரோடிருப்பதை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சொன்னால் போதும். சுமையில் பாதியைப் பங்கிட, கரண்டில் ஓடும் இன்னொரு கருவியைப் படிக்கட்டடியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஓயாமல் அறிவிப்பதில் எவ்வளவு உயிர் போகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எங்கள் கமிட்டியின் வட்ஸ்அப் குழுவும் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

“அப்ப ஐசே, பிழை ஆரின்ர?” என்றார் தலைவர்.

“என்ர.”

தலைவர் அந்த இடத்திலேயே கடிதத்தை எடுத்து நீட்டினார். எல்லோரும் அதை நம்பிய வேகம்தான் கொஞ்சம் உறுத்தியது.

அடுத்த நாள் கீழ்வீட்டுக்காரர் ஹற்றனிலிருந்து வந்ததும் புதுப் பற்றரியோடு கீழே போனேன். கடிதத்தின் கதை வோச்சர் மூலம் அவருக்கு ஏற்கெனவே போயிருந்தது. வீடு மாறக் கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்கு ஹற்றனிலிருந்தே சொல்லிவைத்திருந்தார். கடிதம் போகவில்லை, போகவும் மாட்டாது, பிழை முழுக்க என்னுடையது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிமிடக் கணக்கு, சுமை, படிக்கட்டடிக் கருவி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தையலை நிறுத்தாமல் கேட்டார். பிறகு மெசின் லாச்சியைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“அப்ப அதுக்குத் தொணைக்கு ஒண்ணு வச்சிட்டீங்க. நல்லது சார். மாடி வீட்டுச் சாவி ஆறும் இந்தா இருக்கு. கேஸ் சிலிண்டர்காரன் வந்தாலும், புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தாலும், நான்தான் எந்திரிச்சு எந்திரிச்சுக் குடுக்கிறேன். இதுக்கு யார வைக்கப்போறீங்கன்னு கமிட்டில கேட்டுச் சொல்லுங்க.”